எண்ணிப் பாருங்கள்!

(பல்லடத்தில் மாணவத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

கோடை முடியும் வேளையிலே நம் வீட்டுத் திண்ணைகளில் ஒரு நீதிமன்றம் கூடும். பிள்ளை என்ன படிப்பது என்பது வழக்கு. தந்தை, தாய்மாமன், பக்கத்து வீட்டுப் பெரியவர் - இம்மூவரும் நீதிபதிகள். மருத்துவம் என்றால் மகிழ்ச்சி; பொறியியல் என்றால் புன்னகை; கணினி என்றால் களிப்பு; வணிகவியல் என்றால், "சரி, கணக்கெழுதவாவது ஆகும்" என்றொரு பெருமூச்சு! இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "நான் சமூகவியல் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டால்? திண்ணையே திகைத்துப் போகும். "அது என்ன படிப்பு? சோறு போடுமா?"

இந்தக் கேள்வியை எள்ளி நகையாட நான் வரவில்லை. பகலெல்லாம் தறிச் சத்தத்திலே காது மரத்துப்போகும் வீட்டில், இரவெல்லாம் கோழிக் கொட்டகையிலே கண் விழித்துக் கிடக்கும் வீட்டில், கேட்டே தீர வேண்டிய கேள்விதான் அது. கேட்டவருக்கு விடை கூறவே வந்திருக்கிறேன்.

பட்டம் பெற்றவனல்லன் நான். கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டு வந்தவன்; மேடையும் நாடகமுமே எனக்குப் பள்ளிக்கூடங்கள். படிப்பை முடிக்காதவன் படிப்பைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பந்திக்கு வெளியே நின்றவனுக்குத்தான், தோழர்களே, இலையில் என்னென்ன பரிமாறினார்கள் என்பது ஒன்று விடாமல் நினைவிலிருக்கும்!

தமிழின் நுட்பத்தைக் காணுங்கள். 'எண்ணுதல்' என்று ஒரே சொல். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிட்டாலும் எண்ணுதல்தான். ஏன், எதற்கு, எவ்வாறு என்று சிந்தித்தாலும் எண்ணுதல்தான். எண்ணையும் எழுத்தையும் கண்களுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கணக்கிடாமல் சிந்திப்பவன் கனவு காண்கிறான். சிந்திக்காமல் கணக்கிடுபவன் காசு மட்டுமே காண்கிறான். இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி கற்றுத் தருவதே சமூகவியல். ஒரு சமுதாயம் தன்னைத் தானே எண்ணிப் பார்க்கும் கலை அது.

அந்தக் கலை நமக்கு அந்நியமா? இல்லை! 1916-ஆம் ஆண்டைத் திரும்பிப் பாருங்கள். அந்த ஓராண்டிலே மூன்று நிகழ்ச்சிகள்.

மே மாதம் 9-ஆம் நாள், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது இந்திய மாணவர் ஒருவர் எழுந்து நின்று ஆய்வுரை ஒன்றைப் படித்தார். இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது, எப்படிப் பரவியது என்பதை, மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதைப்போல ஆராய்ந்த உரை அது. அந்த மாணவர் யார்? அண்ணல் அம்பேத்கர்! பின்னாளிலே அரசியல் சட்டம் எழுதிய கரம், முன்னாளிலே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பழகிய கரம்.

அதே ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில், பொருளியல் பேராசிரியராக வந்திருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் தம் மாணவர்களைப் பார்த்து, "விடுமுறைக்கு ஊருக்குத்தானே போகிறீர்கள்? வெறுங்கையோடு போகாதீர்கள், வினாப்பட்டியலோடு போங்கள்" என்ற கருத்திலே ஒரு பணியைத் தந்தார். நிலம் யாரிடம்? உழைப்பவன் யார்? கடன் எவ்வளவு? கூலி எவ்வளவு? மாணவர்கள் கேட்டு வந்தார்கள். 1918-இல் அது நூலாயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில், பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை. அதன் வலிமை எதிலே இருந்தது? வசைமொழியிலா? வாய்வீச்சிலா? இல்லை, எண்ணிக்கையிலே! 1912-ஆம் ஆண்டு நிலவரப்படி சென்னை மாகாணத்திலே துணை ஆட்சியர் 140 பேர். அவர்களில் 77 பேர் பிராமணர். மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் 93 பேர் பிராமணர். மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்! அலெக்சாண்டர் கார்டியூ என்ற அதிகாரி 1913-இல் அரசுப் பணி ஆணையத்தின் முன் வைத்த கணக்கு அது. மறுக்க முடிந்ததா எவராலும்? குரலை உயர்த்தினால் எதிரி தானும் குரலை உயர்த்துவான். கணக்கை எடுத்து வைத்தால் அவன் தன் கணக்கைத் தேட வேண்டியிருக்கும்!

பேச்சாலும் எழுத்தாலும் வளர்ந்தது நம் அரசியல் என்பர். உண்மை. ஆனால் பேச்சுக்கு முன்னே எண்ணிக்கை இருந்தது என்பதை எடுத்துச் சொல்லவே இம்மூன்றையும் சொன்னேன்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் சென்ற ஊர்களிலே ஒன்று இருவேல்பட்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலே உள்ளது. அங்கே படியாட்களைக் கண்டார்கள். திருமணச் செலவுக்காக ஓர் ஏழை கடன் வாங்குகிறான், வாங்கிய கடனுக்காகப் பண்ணையிலே உழைக்கிறான், கூலி வயிற்றுக்கே போதவில்லை, கடனோ குறையவில்லை, ஆயுள் மட்டும் குறைகிறது! விலங்கு இல்லை, பூட்டு இல்லை, சிறைச்சுவர் இல்லை. ஆனாலும் அவன் கைதி. முன்பணமே அவன் விலங்கு.

அந்த ஊருக்கு 1937-இல் மீண்டும் சென்றார்கள். 1961-இல் சென்றார்கள், 1980-களில் சென்றார்கள், 2008-இலும் சென்றார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகச் சென்று பார்த்துக் குறித்த ஆராய்ச்சி அது. பெருநிலக்கிழாரின் பிடி எப்படித் தளர்ந்தது, உழைப்பவர் எப்படி வயலை விட்டு வேறு தொழில்களுக்கு நகர்ந்தனர் என்பதை எல்லாம் அதிலே காண்கிறோம். 'காலம் மாறிவிட்டது' என்று நாம் மேடையிலே சொல்கிறோம். எது மாறியது, எவ்வளவு மாறியது, யாருக்கு மாறியது என்று அந்த ஏடுகள் சொல்கின்றன.

விழுப்புரத்துக் கதை நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். நம் கொங்குச் சீமைக்கே வருகிறேன்.

1964-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவி பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்துக்கு வந்தார். இரண்டாண்டுக் காலம் அங்கே ஆய்வு செய்தார். வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவுகள் நம் வழக்கங்களிலே எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடினார். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவோர் பாடக் கேட்டு, ஒலிப்பதிவு செய்தார். கொங்கு வேளாண் சமுதாயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972-இல் கனடா நாட்டு வான்கூவரில் வெளிவந்தது.

1981-82-ஆம் ஆண்டில் ஜூடித் ஹேயர் என்ற ஆக்ஸ்போர்டுப் பொருளியலறிஞர் கோவை, திருப்பூர் வட்டாரச் சிற்றூர்களுக்கு வந்தார். ஒருமுறை வந்து ஓடிவிடவில்லை. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பத் திரும்ப வந்து, அதே ஊர்களின் நிலத்தையும் கூலியையும் கணக்கெடுத்தார்.

பின்னர் சரத் சாரி வந்தார். திருப்பூர்ப் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004-இல் நூல் வெளியிட்டார். பின்னலாடை முதலாளிகளிடம், "எப்படி உயர்ந்தீர்கள்?" என்று அவர் கேட்க, அவர்கள் கூறிய விடை ஒரே சொல் - உழைப்பு! கிணற்று மேட்டிலே ஆட்களோடு ஆட்களாக மண்ணிலே புரண்டவர்கள், ஆலையிலும் அப்படியே நின்று உயர்ந்தோம் என்றார்கள். பொய்யல்ல அது. ஆனால் ஆய்வாளன் அங்கே நின்றுவிடமாட்டான். "உழைப்பு என்றீர்கள், சரி, யார் யாருடைய உழைப்பு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பான். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கற்றுத் தருவதுதான், தோழர்களே, சமூகவியல்!

அதற்கும் பின்னே, பிரிட்டன் நாட்டுச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இருவர் வந்தனர். திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களை ஒப்பிட்டார்கள். ஓர் ஊரிலே ஒடுக்கப்பட்ட தெருப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்ப் பனியன் தைக்கிறார்கள். கையிலே கூலி, நடையிலே நிமிர்வு. மற்றோர் ஊரிலே விசைத்தறிப் பட்டறைகள். அங்கே தறி ஓட்ட வருவோர் முன்பணம் பெறுகிறார்கள். பெற்ற பணம் தீரும்வரை பட்டறையை விட்டு நகர முடியாது. வேறு பட்டறைக்குப் போனாலோ, கடன் மட்டும் கைமாறுகிறது; கடனாளி மாறுவதில்லை!

இருவேல்பட்டு நினைவுக்கு வருகிறதா? அங்கே வயல், இங்கே தறி. அங்கே படியாள், இங்கே தறிக்காரர். அங்கே 1916, இங்கே 21-ஆம் நூற்றாண்டு. இடையிலே 1976-இல் கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டமும் வந்தது. விலங்கின் வடிவம் மாறியிருக்கிறது, விலங்கு கழலவில்லை. இந்த ஒற்றுமையைக் கண்டு சொல்ல வெறும் கண் போதாது. பயின்ற கண் வேண்டும்.

பட்டறைக்காரரைப் பகைவராகக் காட்டிவிட்டுக் கைதட்டல் பெற்றுப் போவது எனக்கு எளிது. ஆனால் அதுவும் பாதி உண்மையே. பல்லடத்துப் பட்டறைக்காரரில் பெரும்பாலோர் யார்? பாவு நூலும் ஊடை நூலும் தருபவரிடம் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள்! கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திவிட்டுத் தெருவிலே நின்றவர்கள்! கோழிப் பண்ணையாளர் கதை வேறா? கொட்டகை அவருடையது, உழைப்பு அவருடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. ஆக, ஒருவன் கையை ஒருவன் பிடித்திருக்க, அவன் கையை இன்னொருவன் பிடித்திருக்கிறான். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எந்த ஊரிலே, எந்த நாட்டிலே இருக்கிறது என்று தேடிச் செல்லும் துணிவுக்குப் பெயரே ஆராய்ச்சி.

அந்த ஆய்வாளர் இருவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலே பனியனோடு இன்னொரு பொருளும் இருக்கிறது. என்ன தெரியுமா? தம்ளர்! ஆம், தேநீர்க்கடைத் தம்ளர். நாம் தைத்த ஆடை கடல் கடந்து போகிறது. நாம் ஒதுக்கி வைத்த தம்ளர் கதையும் அதன் பின்னாலேயே கடல் கடந்து போய்விட்டது! "வெளிநாட்டான் வந்து நம் மானத்தை வாங்கிவிட்டானே" என்று சிலர் கொதிக்கக்கூடும். எழுதியவர் மீதா கொதிப்பது? மானத்தை வாங்கியது அவர் பேனாவா, நம் ஊர்த் தம்ளரா?

அவர்கள் எழுதியதிலே எனக்கு வருத்தமில்லை, நன்றியே உண்டு. வருத்தம் வேறு. நம் ஊரைப் பற்றிய நூல் வான்கூவரிலே கிடைக்கிறது, பல்லடத்திலே கிடைப்பதில்லை! அதை எழுதிய மொழி ஆங்கிலம்; யாரைப் பற்றி எழுதினார்களோ, அந்தத் தறிக்காரருக்கு அதைப் படிக்க வழியில்லை. நம் முகத்தைக் காட்டும் கண்ணாடி நம் வீட்டிலே இல்லை. கடல் கடந்த நாட்டிலே மாட்டியிருக்கிறது!

தமிழிலே முயன்றவர் எவருமே இல்லையோ என்றால், உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற பெயரிலேயே ஏடு தொடங்கினார். எழுத்தாளர் பெருமாள்முருகன் நம் வட்டாரச் சொற்களைத் திரட்டிக் கொங்குச் சொல்லகராதி ஒன்றைத் தந்தார். நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றைத் தனி மனிதர்கள் தோளிலே சுமந்தார்கள். தோள் மாற்ற ஆள் வேண்டாமா?

யார் எண்ணுகிறார் என்பது சிறு செய்தியல்ல. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் நம்மை ஆராய்ந்தவர்தான். அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு நம் பாட்டன்மாரின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீளத்தை அளந்தவர் பசியின் ஆழத்தை அளக்கவில்லை! ஆள்பவனுக்காக எண்ணினால் மக்கள் வெறும் பட்டியல் ஆவார்கள். மக்களுக்காக எண்ணினால் அந்தப் பட்டியலே உரிமைச் சாசனம் ஆகும்.

இலண்டனிலே சார்லஸ் பூத் என்றொரு கப்பல் முதலாளி இருந்தார். 1886-இல் தொடங்கி, தெருத் தெருவாக வறுமையைக் கணக்கெடுத்தார். வறுமை முற்றிய தெருவுக்குக் கறுப்பு, செல்வத் தெருவுக்கு மஞ்சள் என்று நகர வரைபடத்துக்கே வண்ணம் தீட்டினார். கண்ட முடிவு என்ன? பேரரசின் தலைநகரத்திலே நூற்றுக்கு 30.7 பேர் வறியவர்! கண்டவர் வாளாவிருக்கவில்லை, முதியோருக்கு உதவித்தொகை வேண்டுமென்று வாதாடினார். 1908-இல் அதற்கான சட்டம் வந்தது.

அது செல்வர் ஒருவர் ஏழையை எண்ணிய கதை. அமெரிக்காவிலே, டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1896-இல் பிலடெல்பியா நகருக்கு வந்தார். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏழாம் வட்டத்திலேயே குடியேறி, வீடு வீடாகத் தாமே ஏறி இறங்கினார். 'அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான்' என்று வெள்ளையர் ஓதிய வேதத்தை, வேலை மறுப்பும் நிறவெறியும் செய்த விளைவு இது என்று எண்ணிக் காட்டிய அவருடைய நூல் 1899-இல் வெளிவந்தது. எண்ணப்பட்ட இனத்தைச் சேர்ந்தவரே எண்ணத் தொடங்கினார். அங்கேதான் வரலாறு திரும்பியது!

நம் ஊர்க்கோடித் தெருவிலே பிறந்த ஒரு பெண், தறி ஓட்டும் தாயின் மகள், கையிலே குறிப்பேட்டோடு பட்டறைக்குள்ளே நுழைந்து, "முன்பணம் எவ்வளவு? எத்தனை ஆண்டாகிறது? ஏன் தீரவில்லை?" என்று கேட்கும் நாள் எதுவோ, அந்த நாளே நான் காத்திருக்கும் நாள்.

இதனால் அரசியலுக்கு என்ன ஆதாயம் என்று கேட்போரும் இங்கே இருக்கக்கூடும். அவர்களுக்கு நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. 2021-இல் தமிழகச் சட்டமன்றம் வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் செய்தது. 2022 மார்ச் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. ஏன்? அண்மைக் காலப் புள்ளிவிவரம் இல்லை என்றது! 1982-இல் அமைந்த அம்பாசங்கர் ஆணையத்தின் பழைய கணக்கைக் கொண்டு இன்றைய நிலையை நிறுவ முடியாது என்றது. தெருவிலே திரண்ட கூட்டம் பெரிது. சட்டமன்றத்திலே உயர்ந்த கைகள் பல. ஆயினும் மன்றத்திலே வைக்க ஒரு புதிய கணக்கேடு இல்லை!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நம் கொங்கு மண்ணிலே மிகுதியாக வாழும் அருந்ததியருக்கு 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன்னே நீதியரசர் ஜனார்த்தனம் தலைமையிலே ஒரு குழு அமர்ந்து, அவர்கள் கல்வியிலும் பணியிலும் எவ்வளவு பின்தங்கினர் என்று ஆராய்ந்தது. பட்டியல் இனத்தாருக்குள்ளே இவ்வாறு உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையிலே தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, ஆதாரத்தோடு செய்யுங்கள் என்றும் அரசுகளுக்கு அறிவுறுத்தியது.

சாதிவாரியாக முழுமையாகக் கணக்கெடுத்து வெளியிட்டது 1931-இலே! அதற்குப் பிறகு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே சாதியையும் கணக்கெடுப்போம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது 2025-இல். கணக்கு வந்தால் போதுமா? அதைப் படிக்க, பகுக்க, தவறு கண்டால் தட்டிக் கேட்க ஆள் வேண்டாமா? அந்த ஆளை எந்தக் கடையிலே வாங்குவீர்கள்? கல்லூரியிலேதான் உருவாக்க வேண்டும்!

என்னதான் கற்றுத் தருகிறார்கள் அங்கே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மாதிரி எடுத்தல் என்ற பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்தச் சோறு? தலைவாசல் வீட்டிலே மட்டும் பருக்கை எடுத்துப் பார்த்தால் ஊரே வெந்துவிட்டதாகத் தெரியும். ஊர்க்கோடியிலே அரிசி வேகாமலே கிடக்கும்! எங்கெங்கே எடுப்பது என்பது முதற்பாடம். எப்படிக் கேட்பது என்பது இரண்டாம் பாடம், "உங்கள் ஊரில் தீண்டாமை இல்லைதானே?" என்று கேட்டால், "இல்லை" என்றுதான் விடை வரும். "கோவில் திருவிழாவில் யார் எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சொன்னவரின் பெயரைக் காப்பது மூன்றாம் பாடம். உண்மை சொன்ன ஏழைக்கு அதனாலே கேடு வரலாகாது. சசெக்ஸ் ஆய்வாளர்கள் அந்த இரண்டு ஊர்களுக்கும் மாற்றுப் பெயர் சூட்டித்தான் எழுதினார்கள். நான்காம் பாடமே கடினமானது: நாம் நம்புவதற்கு மாறான உண்மை கிடைத்தால், அதையும் எழுதுவது!

நான் நாடகம் எழுதுபவன். என் பாத்திரம் நான் சொல்வதைத்தான் பேசும். ஆய்வாளனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுடைய மாந்தர் தங்கள் வசனத்தைத் தாங்களே பேசுவார்கள். பேசத் தெரிந்தவர்கள் நாம். பேசிப் பேசி மக்களை எழுப்பியவர்கள் நம் முன்னோர். எழுந்த மக்கள் இப்போது ஏதோ சொல்கிறார்கள். கேட்க வேண்டாமா?

படிக்க இடமா இல்லை? 1919-இலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தோன்றியது. சென்னையிலே 1952 முதல் சமூகப்பணிக் கல்லூரி. 1971 முதல், மால்கம் ஆதிசேசையா நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். கோவையிலே 1982 முதல் பாரதியார் பல்கலைக்கழகம். அங்கே சமூகவியல் துறையும் உண்டு. பல்லடத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு!

சோறு போடுமா என்று கேட்ட பெரியவருக்கு ஒளிவு மறைவின்றிக் கூறுகிறேன். ஆசிரியப் பணி உண்டு. அரசின் திட்டங்களை மதிப்பிடும் பணி உண்டு. தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பணி உண்டு. பொன்னும் பொருளும் கொட்டும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஊரிலே சோறு ஏன் சிலர் இலையிலே குவிகிறது, ஏன் சிலர் இலையிலே குறைகிறது என்று கண்டு சொல்பவன் ஒருவனாவது ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் நான் கேட்கவில்லை. ஊருக்கு ஒருவரைத் தாருங்கள்!

அதுவரை நாம் சும்மா இருப்பதா? படிப்பகம் இல்லாத ஊர் உண்டா நமக்கு? அங்கே நாளிதழோடு ஒரு குறிப்பேடும் கிடக்கட்டும். நம் ஊரில் எத்தனை தறி? எத்தனை குடும்பம் முன்பணத்திலே சிக்கியிருக்கிறது? எட்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள்? எண்ணுங்கள், எழுதுங்கள், பயின்றவரிடம் காட்டித் திருத்துங்கள். முதலிலே நம் தெருவிலே தொடங்குங்கள். அதற்கும் முன்னே நம் வீட்டிலே. தோட்டத்து வேலைக்கு வருபவருக்கு நீர் தரும் பாத்திரம் எது? அது வீட்டுக்குள்ளே இருக்கிறதா, வெளியே சுவரோரம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை எழுதக் கூடியவர் எவரோ, அவர் சமூகவியலின் முதல் தேர்விலே தேறிவிட்டார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சிந்தியுங்கள் என்ற பொருளிலும் சொல்கிறேன். கணக்கெடுங்கள் என்ற பொருளிலும் சொல்கிறேன்.